செல் கடை மேசையில் ஒரு செல்

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடி நிற்கிறது. மாசி மத்தியானத்தில் இது புதிதல்ல. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். ஆனால் எங்கள் மொட்டைமாடியில் ஐந்து க்ரோ பேக்கில் நின்ற வெண்டை, மறுநாள் விடிந்த பிறகும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன், நல்ல ஈரம். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு வாளி ஊற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் செடியைப் பார்க்கவே இல்லை. பை ஓரத்தில் கரையாமல் கிடந்த உரக் குருணையைத்தான் பார்த்தார்.

"கைகொண்டு வாரிப் போட்டியாலே?"

"பைக்கு ஒரு பிடிதானப்பா."

"ஒரு பிடியா? தென்னைக்கா போடுத? உரம் சுட்டுட்டு. இனி எழும்பது கஷ்டம்."

17:17:17 கலப்பு உரம். தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. அது எப்படிச் சுடும்? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சூடு ஒண்ணும் இல்லப்பா, பிளாஸ்மா சிதைவு. செல்லுக்கு உள்ள இருக்க தண்ணி வெளிய போயிரும். போன வாரந்தான் பிராக்டிகல்ல பாத்தோம்" என்றாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் கிடைத்ததாம், ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்ததாம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் படம் அழகாக இருந்தது: ஒரு பெட்டி, அதற்குள் சுவரை விட்டு விலகிச் சுருங்கிய ஒரு பை.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் செல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு தெங்கம்புதூர். செல் கடைக்காரன் மகள் ஒரு செல்லை ஒழுங்காகப் பார்க்காமல் படம் வரைந்திருக்கிறாள் என்றால் விடலாமா? இரண்டு வாரம் ராத்திரி எட்டரைக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துச் செய்த வேலை இது.

முதலில் கையில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். போர்டு வேலைக்கு வைத்திருக்கும் மைக்ராஸ்கோப் 45 மடங்கு வரைதான் பெரிதாக்கும், வெளிச்சமும் மேலிருந்து அடிக்கும். ரியோ என்ற ஊதா இலைச் செடியின் இலைத் தோலை அதன் கீழே வைத்தால் ஊதா நிற மொசைக் தரை மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான். சுவருக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பார்க்க அது போதாது. கீழிருந்து வெளிச்சம் வேண்டும், பெருக்கமும் வேண்டும்.

என் கடையில் செத்த போன்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு போன் கேமராவின் லென்ஸைக் கழற்றித் தலைகீழாக இன்னொரு போனின் கேமரா மேல் ஒட்டினால் அது மைக்ராஸ்கோப் ஆகிவிடும். சென்சாரைப் பார்த்திருந்த பக்கம் இப்போது பொருளைப் பார்க்க வேண்டும், அதுதான் சூட்சுமம். பின்பக்கக் கேமராவின் லென்ஸைவிட முன்பக்கச் செல்ஃபி கேமராவின் லென்ஸ் நல்லது. அதன் குவியத் தூரம் குறைவு. நாம் படம் எடுக்கும் போனின் குவியத் தூரத்தை அதனால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம். தவிர, செல்ஃபி லென்ஸ் பெரும்பாலும் பசை வைத்துத் திருகிய சின்னக் குழாய்தான், ஆட்டோஃபோகஸ் காயில் தொல்லை இல்லை.

முதல் லென்ஸைக் கெடுத்தேன். ஐசி கழற்றும் பழக்கத்தில் ஹாட் ஏரை 250-ல் வைத்துக் காட்டிவிட்டேன். உள்ளே இருப்பது எல்லாம் பிளாஸ்டிக் லென்ஸ். கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுத்துப்போனது. இரண்டாவதை 100-ல் வைத்துப் பொறுமையாகக் காட்டி, பசை இளகியதும் மூக்குக் குறடால் திருகினேன், வந்துவிட்டது. சிம் கார்டு பதித்து வருமே, ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் சால்டரிங் அயர்ன் முனையால் துளை போட்டு லென்ஸைத் தலைகீழாக உட்காரவைத்து, டபுள் டேப்பால் என் போனின் மெயின் கேமரா மேல் ஒட்டினேன். புது போன்களில் ஒரு கூத்து உண்டு. பொருள் பக்கத்தில் வந்தால் போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவிவிடும். ப்ரோ மோடில் போய் மெயின் கேமராவைப் பூட்டிவைக்க வேண்டும்.

ஸ்டாண்டுக்கு ஒரு பலகைத் துண்டில் மூன்று எம்4 போல்ட். மேலே போட்டோ ஃபிரேமிலிருந்து எடுத்த அக்ரிலிக், அதன் மேல் போன். நடுவில் ஸ்லைடு வைக்கும் தட்டு, நட்டுகளின் மேல் ஏறி இறங்கும். எம்4 மரையில் நட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் 0.7 மில்லிமீட்டர் நகரும். இந்த லென்ஸுக்கு ஃபோகஸ் நிற்கும் தூரமோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. கையால் திருகினால் ஃபோகஸ் வந்த வேகத்தில் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு பழைய சிடியை நட்டின் மேல் ஒட்டினேன். இனி சிடியின் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் தட்டு 0.02 மில்லிமீட்டர்தான் ஏறும். முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த சிடிதான். எந்தப் படத்தின் சிடி என்பதைச் சொல்லப்போவதில்லை.

வெளிச்சத்துக்குப் பழைய டார்ச்சின் எல்இடி. அதன் மேல் செத்த எல்சிடியிலிருந்து உரித்த டிஃப்யூசர் ஷீட். ஷீட் இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாக இருக்கும்.

ஸ்லைடை மூட டெம்பர்டு கிளாஸை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஃபோகஸே கிடைக்கவில்லை. காரணம் எளிது: இந்த லென்ஸ் பொருளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளே நெருங்க வேண்டும், டெம்பர்டு கிளாஸோ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன். கடைசியில் நிஜமான கவர் ஸ்லிப் ஒரு பெட்டி வாங்கினேன். சிக்கனம் எங்கே செல்லாது என்று தெரிந்துகொள்ள ஒரு ராத்திரி போனது.

அளவு எப்படித் தெரியும்? இங்கேதான் தொழில் கைகொடுத்தது. மேல் கண்ணாடி கழன்ற ஒரு எல்சிடி பேனலை லென்ஸின் கீழ் வைத்துப் படம் எடுத்தேன். அங்குலத்துக்கு 400 பிக்சல் உள்ள திரை. ஆக ஒரு பிக்சல் 0.0635 மில்லிமீட்டர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. அதே இடத்தில் ரியோ இலையின் தோலை வைத்தேன். ஒரு செல்லின் அகலம் ஏறக்குறைய ஒரு பிக்சல், நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிக்சலின் அளவுதான் ஒரு செல் என்றதும் அந்த ஊதா மொசைக் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

ரியோ என்பது நம் ஊரில் வாசல் ஓரத்தில் வரிசையாக நட்டிருப்பார்களே, வாள் மாதிரி இலை, மேலே பச்சை, அடியில் ஊதா, அதுதான். மகள் பள்ளியிலும் அதுதானாம். அந்த ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமி. செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற தண்ணீர்ப் பையில் கரைந்திருக்கிறது. சாயம் போடாமலே பை எங்கே இருக்கிறது என்று அதனால் தெரியும். இலையைக் கோணலாகக் கிழித்தால் ஓரத்தில் ஊதாத் தோல் மெல்லிசாக நீட்டி நிற்கும், ட்வீசரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும். எனக்கு அரித்தது.

இந்தச் செடிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1880களில் ஹாலந்துக்காரரான ஹியூகோ டி விரீஸ் இதே இலையின் தோலை வெவ்வேறு உப்புக் கரைசல்களில் போட்டு, எந்தச் செறிவில் செல் சுருங்கத் தொடங்குகிறது என்று பார்த்தார். அப்போது செடிக்கு டிரெடஸ்கான்ஷியா டிஸ்கலர் என்று பெயர். தராசோ அழுத்தமானியோ உள்ளே போகாத இடத்தில், செல்லையே தராசாக்கிவிட்டார். அந்த எண்களையும் எடுத்துக்கொண்டுதான் அதே ஆம்ஸ்டர்டாமில் இருந்த வான்ட் ஹாஃப் கரைசல்களின் அழுத்தத்துக்குக் கணக்கு எழுதினார்; வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்குத்தான் போனது. மகளிடம் சொன்னேன். "மியூட்டேஷன் தியரி சொன்ன டி விரீஸா? அவரு இதையுமா பண்ணுனாரு?" என்றாள். பாடப் புத்தகத்தில் ஒருவருக்கு ஒரு பத்திதான் போலிருக்கிறது.

சரி, உப்பு. வீட்டில் இருப்பது எங்கள் ஊர்ப் பக்கத்துப் புத்தளம் கல்லுப்பு. சமையலுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை, ஆனால் அதில் மக்னீசியம் உப்புகளும் ஈரமும் இருப்பதால் அளவுக்கு ஆகாது. பாக்கெட் தூள் உப்பை எடுத்துக்கொண்டேன். பக்கத்து நாட்டு மருந்துக் கடையின் சின்னத் தராசை ஒரு ராத்திரி இரவல் வாங்கி 20 கிராம் நிறுத்தேன். குழாயில் வருவது முக்கடல் அணைத் தண்ணீர், நல்ல தண்ணீர்தான். இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று பேட்டரி வாட்டர் வாங்கி, உப்பைக் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினேன். இது 2 சதவீதம். இதிலிருந்து 10 மில்லி சிரிஞ்சில் 2 மில்லி எடுத்து 8 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.4. மூன்றுக்கு ஏழு என்றால் 0.6. மூன்றரைக்கு ஆறரை 0.7, நாலுக்கு ஆறு 0.8, சரிபாதி என்றால் 1. கடையில் கிடந்த ஃப்ளக்ஸ் டப்பாக்களைக் கழுவி எண் எழுதி வரிசையாக வைத்தேன்.

முதல் நாள் எல்லாம் நாசம். எந்தக் கரைசலில் போட்டாலும் ஊதா நிறம் செல்லை விட்டு வெளியே கசிந்து ஸ்லைடு முழுக்கப் பரவியது. வெறும் தண்ணீரில் போட்டதும் அப்படித்தான். ஒரு மணி நேரம் உப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத்தான் உறைத்தது: பழக்க தோஷத்தில் ஒவ்வொரு ஸ்லைடையும் ஐபிஏ (போர்டு துடைக்கும் ஆல்கஹால்) போட்டுத் துடைத்திருக்கிறேன், ட்வீசரையும் அதில் முக்கி எடுத்திருக்கிறேன். போர்டுக்கு அது சுத்தம், செல்லுக்கு அது சாவு. ஆல்கஹால் சவ்வைக் கெடுத்துவிட்டால் நிறமியைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. மறுநாள் வெறும் தண்ணீரில் கழுவிய கண்ணாடி, தீக்குச்சியின் பின்முனையில் எடுத்துவைத்த தோல். சரியாக வந்தது.

தவறிலும் ஒரு லாபம். சுருங்குவது உயிருள்ள செல்தான் என்று கண்ணால் பார்த்தாயிற்று. உறுதிப்படுத்த இன்னொரு துண்டை வெந்நீரில் முக்கியும் பார்த்தேன். நிறம் வெளியே போனது, பிறகு எவ்வளவு உப்பு ஊற்றினாலும் ஒன்றும் சுருங்கவில்லை.

1 சதவீதக் கரைசலில் நடந்ததை முதலில் சொல்கிறேன், அதுதான் காட்சி. ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்தால் பேப்பர் உறிஞ்ச உறிஞ்சக் கரைசல் கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஓடி வரும். இரண்டு நிமிடம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் அறுகோணச் செல்லின் ஒரு மூலையில் ஊதா விலகி வெளிறிய ஒரு முக்கோணம் தெரிகிறது. இன்னொரு மூலை. பிறகு ஒரு பக்கம் முழுவதும், பிறை மாதிரி உள்ளே குழிந்து விலகுகிறது. பத்து நிமிடத்தில் ஊதா எல்லாம் நடுவில் உருண்டையாகத் திரண்டு நிற்கிறது; சுற்றிலும் செல் சுவர் பழைய இடத்திலேயே, பழைய அறுகோணமாக. சுருங்கச் சுருங்க நிறமும் அடர்த்தியாகிறது. நிறமி வெளியே போகவில்லை, தண்ணீர் மட்டும் போயிருக்கிறது.

"இந்தக் கேப்புல என்னப்பா இருக்கு? காத்தா?" என்றாள் மகள். நானும் முதலில் வெற்றிடம் என்றுதான் நினைத்தேன். அங்கே இருப்பது நாம் ஊற்றிய உப்புத் தண்ணீர். செல் சுவருக்கு உப்பும் தண்ணீரும் ஒன்றுதான், இரண்டையும் விடும், அது கூடை. உள்ளே இருக்கும் சவ்வுதான் தண்ணீரை விட்டு உப்பைத் தடுப்பது. அது கூடைக்குள் இருக்கும் பலூன். உப்பு நிறைந்த பக்கத்திலிருந்து சவ்வைக் கடந்து வரும் தண்ணீர், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து வருவதைவிடக் குறைவு. தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே வருவதைவிட வெளியே போவது கூடிவிட்டால் பலூன் சுருங்கும். உப்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்வது வசதி, ஆனால் இழுக்கும் கயிறு எதுவும் அங்கே இல்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. மாங்காயை வெட்டி உப்புப் போட்டுப் பரணியில் அடைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மறுநாளே தானாகத் தண்ணீர் விடும். போனில் வீடியோவைக் காட்டினேன். "மாங்கா சுருங்குவது இப்பிடித்தானா" என்று ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி எண்ணிக்கை. ஒவ்வொரு கரைசலுக்கும் புதுத் தோல், இருபது நிமிடம் காத்திருப்பு, ஒரு படம், படத்தில் வரிசையாக 50 செல். எங்காவது ஒரு மூலையில் விலகியிருந்தால்கூட அது சுருங்கியது என்று வைத்து, கேலரி எடிட்டில் சிவப்புப் புள்ளி குத்தினோம். புள்ளி குத்தியது மகள், சந்தேகம் வந்தால் தீர்ப்பு நான். 0.4-ல் ஒன்றுகூட இல்லை. 0.6-ல் ஆறு. 0.7-ல் பத்தொன்பது. 0.8-ல் முப்பத்து மூன்று. 1-ல் நாற்பத்தொன்பது; மிச்சம் ஒன்று ஏன் அசையவில்லை என்று தெரியவில்லை, செத்த செல்லாக இருக்கலாம். பாதிச் செல் சுருங்கும் இடம் ஏறக்குறைய 0.75 சதவீதம். அந்த இடத்தில்தான் வெளியே உள்ள கரைசலும் உள்ளே உள்ள சாறும் சமம்.

0.75 சதவீத உப்பை அழுத்தக் கணக்கில் போட்டால் சுமார் 6 பார் வருகிறது. நமக்குப் புரியும் கணக்கில் 85 பவுண்டுக்கு மேல். பைக் டயருக்கு 30 பவுண்டுச் சொச்சம் காற்று அடிக்கிறோம். அப்படியானால் தண்ணீர் குடித்து விம்மி நிற்கும் செல், ஒரு பிக்சல் அகலத்துச் செல், பைக் டயரைப் போல் இரண்டரை மூன்று மடங்கு அழுத்தத்தைச் சுவரில் தாங்கிக்கொண்டிருக்கிறது. எலும்பு இல்லாத இலை நிமிர்ந்து நிற்பது இந்தக் காற்றடிப்பில்தான். விறைப்பழுத்தம் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. நான் டயர் என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நல்ல தண்ணீரை அதே டிஷ்யூ பேப்பர் முறையில் ஓடவிட்டால் சுருங்கியது திரும்ப விரிந்து சுவரைத் தொடுகிறது. முதல் தடவை பார்த்தபோது கடையில் தனியாகக் கைதட்டினேன். மூன்று முறை சுருக்கி விரித்ததில் சில செல்கள் தாங்காமல் நிறத்தைக் கக்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கீழமணக்குடிக் கடற்கரையில் ஒரு பாட்டில் கடல்தண்ணீர் பிடித்து வந்தோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அழுத்தக் கணக்கில் 390 பவுண்டு அளவு. ரியோ தோலில் அது பட்டதும் மூலை, பிறை என்ற நிதானமெல்லாம் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் ஊதா உள்ளே ஓடி ஒடுங்கியது. நீளமான சில செல்களில் இரண்டு துண்டாகவே திரண்டது.

இத்தோடு முடித்திருக்கலாம். மகள் கேட்ட ஒரு கேள்வி இன்னும் நான்கு நாளை எடுத்துக்கொண்டது. "அப்போ வாடுன வெண்டை இலையிலயும் செல்லு இப்பிடித்தான சுவரை விட்டு விலகி இருக்கும்?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதைப் பார்த்துவிடலாமே என்று ஒரு ரியோ இலையை அறுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டுத் துவள விட்டேன். வெண்டை இலையில் நிறம் இல்லை, இந்த லென்ஸுக்கு அது ஆகாது. துவண்ட இலையில் தோல் உரிப்பது ஈரத் துணியில் நூல் பிரிப்பது மாதிரி. ஐந்தாறு தடவையில் ஒன்று வந்தது. ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், கவர் ஸ்லிப், ஃபோகஸ்.

எல்லாச் செல்லும் நிறைந்து விம்மி இருந்தது. வாடியதற்கு அடையாளமே இல்லை.

கொஞ்ச நேரம் சிடியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீர் இல்லாத இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சார்ஜரைச் சொருகிவைத்துக்கொண்டு பேட்டரியின் வோல்டேஜ் பார்த்த மாதிரி. நான் ஃபோகஸ் பிடிப்பதற்குள் அது குடித்து முடித்திருக்கும்.

தண்ணீர் கொடுக்காத திரவம் வேண்டும். தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் கிடையாது. எண்ணெயில் வைத்ததும் சுவர்க்கோடு மங்கலாகிவிட்டது. ஒளி எண்ணெயிலும் செல் சுவரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைவதால் எல்லை எடுபடவில்லை. ஆனால் ஊதா நன்றாகத் தெரிந்தது, தெரிந்தது நான் சொன்னதற்கு நேர்மாறு. ஊதா உருண்டையாகத் திரளவில்லை. வெளிறிய இடைவெளி எங்கும் இல்லை. செல்லே ஒடுங்கி, பக்கங்கள் நெளிந்து, கசங்கிப்போயிருந்தது. பக்கத்துச் செல்லும் அப்படியே. சுவரும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது.

மூன்று ஸ்லைடு பார்த்தேன், மூன்றும் ஒன்றுதான். யோசித்தால் காரணம் அந்த "கேப்புல என்ன இருக்கு" என்ற கேள்வியிலேயே இருந்தது. ஸ்லைடில் செல்லைச் சுற்றி உப்புத் தண்ணீர். சவ்வு விலகினால் அந்த இடத்தை நிரப்ப அது சுவர் வழியாக உள்ளே வரும். செடியில் இருக்கும் இலையைச் சுற்றி இருப்பது காற்று. சுவரின் துளைகள் நம் லென்ஸில் தெரியவே தெரியாத அளவு நுணுக்கமானவை, எல்லாவற்றிலும் தண்ணீர் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரின் பரப்பு இழுவிசையை உடைத்துக்கொண்டு காற்று உள்ளே நுழைய முடியாது. இடைவெளியை நிரப்ப எதுவும் வரவில்லை என்றால் இடைவெளியும் விழாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிய ஜூஸ் பாக்கெட் மாதிரி சவ்வு சுவரையும் கூட இழுத்துக்கொண்டு ஒடுங்கும். இதற்கு சைட்டோரைசிஸ் என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆக, வெறும் வெயிலில் வாடிய இலையில் ரெக்கார்டு நோட்டுப் படத்தைத் தேடினால் கிடைக்காது. நோட்டுப் படம் தப்பில்லை; அது உப்புத் தண்ணீரில் மூழ்கிய செல்லின் படம். மகளிடம் நான் சொன்ன "ஆமாம்"தான் தப்பு.

அப்படியானால் என் வெண்டைக்கு என்ன ஆனது? இலை காற்றில் இருக்கிறது, வேர்தான் கரைசலில் மூழ்கியிருக்கிறது. ஆர்ஓ சர்வீஸ் செய்யும் நண்பனிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வாங்கி, பைக்கு அடியில் வடிந்து தட்டில் நின்ற தண்ணீரில் முக்கினேன். ஏறிக்கொண்டே போய் 9990 பிபிஎம்மில் நின்றது. அந்த மீட்டரால் அதற்கு மேல் காட்ட முடியாது. ஏறக்குறைய 1 சதவீதம், அல்லது அதற்கும் மேல். உரத்துக்கு அந்த மீட்டர் காட்டுவது குத்துமதிப்புத்தான், ரியோ இலையின் கணக்கு வெண்டை வேருக்கு அப்படியே பொருந்தவும் வேண்டியதில்லை. ஆனாலும் 0.75-ல் பாதிச் செல் தோற்பதைப் பார்த்தவனுக்கு 1 என்ற எண் போதும். எங்கள் கிணறு மாசியில் உப்புக் கரிக்கும், அதுவே 1,400 பிபிஎம்தான் காட்டியது, அதாவது 0.14 சதவீதம். ஈர மண்ணில் நின்றுகொண்டே வேரால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. இருப்பதையும் மண்ணிடம் பறிகொடுக்கிறது. மேலே இலை வெயிலில் ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பா சொன்ன "சுட்டுட்டு" என்பதற்கு அர்த்தம் இதுதான். நான் அதன் மேல் ஊற்றிய ஒரு வாளி, கரையாமல் கிடந்த குருணையையும் கரைத்துவிட்டிருக்கும்.

மருந்து ஒன்றுதான். கரையாத குருணையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித் துளையை அகலமாக்கி, குழாய்த் தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிட்டேன், மீட்டர் 1,000-க்குக் கீழே இறங்கும் வரை. பைக்கு நான்கு குடம் ஆனது. நான் இரண்டு வாரம் கடையில் ஸ்லைடு பார்த்துவிட்டு இதைச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அப்பா சொன்ன அன்று சாயங்காலமே அவர் கட்டளையில் முதல் கழுவல் நடந்துவிட்டது. தட்டில் நின்ற தண்ணீரை மட்டும் அதற்கு முன்பு ஒரு பாட்டிலில் பிடித்துவைத்திருந்தேன். மீட்டரில் 9990 காட்டியது அதுதான். மூன்று செடி போய்விட்டது, பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனியெல்லாம் பழுப்பு. மற்ற இரண்டும் மூன்றாம் நாள் நிமிர்ந்தன. அதில் ஒன்று இப்போது பூத்திருக்கிறது.

மகள் நோட்டில் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "காற்றில் வாடும் இலையில் செல் சுவரும் சேர்ந்து சுருங்கும்." பக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஸ்லைடின் பிரிண்ட் ஒன்றையும் ஒட்டினாள். எண்ணெய்க் கறை பட்ட பக்கத்துக்குத் தனியாக ஏதும் சொல்வார்களோ என்று பயந்தாள், டிக் மட்டும் விழுந்தது.

மிச்சம் இருப்பது உமரி, உப்பு மண்ணில் வளரும் செடி. மணக்குடியிலிருந்து திரும்பும்போது உப்பளக் கரையில் ஒரு கைப்பிடி பறித்து வந்தேன். அது நிற்கும் இடத்தில் ரியோ ஒரு நிமிடம் தாங்காது. அது தன் செல்லுக்குள்ளேயே உப்பைச் சேர்த்துவைத்துச் சாற்றை வெளியே உள்ளதைவிடக் கனமாக்கிக்கொள்கிறது. எத்தனை சதவீதத்தில் அது தோற்கும் என்று ஃப்ளக்ஸ் டப்பா வரிசையை 8 வரைக்கும் நீட்டிவைத்துவிட்டேன். ஆனால் அந்தக் குண்டு இலையில் தோல் உரிபடவே மாட்டேன் என்கிறது. ஷேவிங் பிளேடால் சீவினால் தடிமனாக வருகிறது, நிறமும் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. மிஞ்சிய தண்டுகளை டீ கிளாஸில் கடல்தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்திருக்கிறேன். இன்றோடு எட்டு நாள். டிஸ்ப்ளே மாற்ற வந்த ஒருவர் தண்ணீர் என்று நினைத்து எடுக்கப் போனார், தடுத்துவிட்டேன். தண்டு அப்படியே விறைப்பாக நிற்கிறது.